கோல் முகத்தில் ஒரு கோரை

பழையாறு எஃப்.சி. தேசியக் கால்பந்து லீகை வென்ற மறுநாள் காலைப் பத்திரிகையில் தாணம்மாளின் படம் வந்தது. மைதானத்து ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே, 'ஆனந்தக் கண்ணீரில் ஒரு ரசிகை' என்று போட்டிருந்தார்கள். ஆனந்தமும் கிடையாது, ரசிகையும் கிடையாது. கடைசி விசில் ஊதியதும் வேலியைத் தாண்டிக் குதித்த நாலாயிரம் பேரும், ஞாபகத்துக்கு வேண்டுமென்று ஆளுக்கொரு கைப்பிடி புல்லைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த புல். அவள் அழாமல் என்ன செய்வாள்.

அவள் கணவர் வைகுண்டராஜன் அந்தப் படத்தைக் கத்தரித்து, தோவாளைச் சந்தையிலுள்ள தன் பூக்கடையில் ஒட்டிவைத்தார். அசல் ரசிகர் அவர்தான். பிச்சிப்பூவை நிறுத்துக்கொண்டே எதிரணியின் தடுப்பாட்டத்தைப் பற்றி நாலு பேருக்குப் பாடம் நடத்தக்கூடியவர். இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவளோ மைதானத்திலேயே வேலை பார்த்தும் பந்தைப் பார்க்காதவள்.

"யாரு கோல் போட்டான்னாவது தெரியுமாட்டி ஒனக்கு?" என்று கேட்டார்.

"எவன் போட்டா எனக்கென்ன? அந்தப் பத்தாம் நம்பர் இருக்கான்லா, அவன் கார்னர் பக்கம் நாலு எடத்துல பேத்து வச்சிருக்கான். அது தெரியும்" என்றாள் தாணம்மாள்.

தாணம்மாளுக்கு ஐம்பத்துநான்கு வயது. பதினோரு வயதில் வயலில் இறங்கியவள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தின் இரண்டு விளைச்சலுக்கும் நாற்று நடுவாள், களை பறிப்பாள். காலையில் ஊர்க் கோயிலான நிழல்தாங்கலில் அய்யாவைக் கும்பிட்டு, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு இறங்கினால் பொழுது சாயும்வரை முதுகு நிமிராது. நடவில் அவளுக்கு அடுத்த வரிசையில் நிற்க மற்றப் பெண்களுக்குப் பயம். கொஞ்சம் பிந்தினால் போதும், வாயைத் திறந்துவிடுவாள். இரண்டு பெண்களைப் பெற்று, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்ததெல்லாம் அந்த முதுகும் அந்த வாயும் செய்த வேலைதான்.

தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே மலையடிவாரத்தில் கிளப் மைதானம் கட்டியபோது புல் பிடிக்கவில்லை. களைதான் மண்டியது. மைதானப் பொறுப்பாளர் ஜெயசிங் பக்கத்து வயல்களிலிருந்து பதினோரு பெண்களைக் களை பறிக்கக் கூட்டி வந்தார். அவர்களில் தாணம்மாள்தான் வேகக்காரி. அரை நாளில் ஒரு மூலையைப் பாய் அகலத்துக்கு வெறும் மண்ணாக்கிவிட்டு நிமிர்ந்தாள். ஜெயசிங் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் பிடுங்கியதெல்லாம் அருகம்புல். பெங்களூரிலிருந்து லாரியில் வந்த புல்.

"நாப்பது வருஷமா வரப்புல நான் வேரோட பிடுங்கி எறிஞ்ச புல்லு சார் இது" என்றாள் அவள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "இத வளக்கவா ஆளு கூப்பிட்டீங்க?"

"இங்க இதாக்கும் பயிரு. கோரைதான் களை" என்றார் ஜெயசிங்.

மற்றப் பத்துப் பேரும் நடவு தொடங்கியதும் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். தாணம்மாள் தங்கிவிட்டாள். அருகோடு பகை தீர்ந்தது. பழைய பகையையெல்லாம் சேர்த்துக் கோரையின்மேல் திருப்பினாள். கிழங்கு வைத்து மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் களை அது. மேலே இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், மூன்றாம் நாள் மறுபடி தலை காட்டும். அவள் கம்பியால் குத்திக் கிழங்கோடு எடுப்பாள். இரண்டு வருஷத்தில் மைதானத்தில் ஒரு கோரை கிடையாது என்று ஜெயசிங் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கூடையோடு மைதானத்தை ஒரு சுற்று வருவாள். அதிலேயே அவளுக்கு ஆட்டம் தெரிந்துவிடும். "எடது கைப் பக்கத்துக்காரன் நல்லா ஓடியிருக்கான். நடுவுல எவனும் வேல செய்யல" என்று வீட்டில் வந்து சொல்வாள். தொண்ணூறு நிமிஷமும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்த வைகுண்டராஜனுக்கு எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

அவளுக்கு ஒத்துவராத ஆள் ஒருவன் இருந்தான். கோல் கீப்பர் ஜெரிஷ்.

களியக்காவிளைப் பக்கத்துக்காரன். முப்பத்தைந்து வயது. பதினான்கு வருஷத்தில் ஏழு கிளப் மாறியவன். எப்போதோ அவற்றில் ஒரு கிளப் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் போனபோது இவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த இறுதி ஆட்டமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வலது முழங்காலை இரண்டு தடவை அறுத்துத் தைத்தாகிவிட்டது. இந்த சீசனோடு போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமைதியான பையன், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கோலுக்கு நேர் நடுவே நாலெட்டு முன்னே வந்து நின்று, வலது குதிகாலால் தரையில் ஒரு கோடு கீறுவான். ஒரு முழ நீளம், இரண்டு விரல் ஆழம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் அந்தப் பக்கமும் ஒன்று.

மறுநாள் அந்த இரண்டு கோட்டையும் மூடுவது தாணம்மாளின் வேலை.

"ஏலே, ஒனக்கக் கால்ல என்ன கலப்பையா கட்டியிருக்கு?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கோடு இல்லேன்னா எனக்க போஸ்ட் எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியாதுக்கா" என்றான் ஜெரிஷ்.

"போஸ்ட்டு என்ன நடந்தா போகுது?"

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஆட்டத்திலும் கீறினான்.

லீகை வென்ற பன்னிரண்டாம் நாள் தேசியக் கோப்பையின் கால் இறுதி அதே மைதானத்தில் நடக்கவேண்டும். கோலுக்கு நேர் முன்னாலுள்ள தரை, கோல் முகம் என்பார்கள், இரண்டு பக்கமும் சொட்டையாகக் கிடந்தது. மேற்குக் கேலரிக்குப் பின்னால் தாணம்மாள் தனியாக ஒரு பாத்தியில் அருகு வளர்த்து வைத்திருந்தாள். அதைப் பறித்து வந்து, நாற்று நடுவதுபோலவே குனிந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு கொத்தையும் மூன்று விரலால் பிடித்துப் பெருவிரலால் அழுத்தி நட்டாள். ஒன்பது நாள் அதே வேலை. பன்னிரண்டாம் நாள் காலையில் கோல் முகம் பச்சையாகத் தெரிந்தது. அவளுக்கே கண்ணை எடுக்க மனமில்லை. உடனே ஜெரிஷின் குதிகால் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேட்ச் கமிஷனர் வந்தார். திருச்சூர்க்காரர். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஃபைல். மைதானம் ஆட்டத்துக்கு லாயக்குத்தானா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர், கோல் முகத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார். ஜெயசிங் பக்கத்தில் இல்லை.

வயல்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எவனாவது நம் வரப்பை வெட்டிவிட்டால் அவனிடம் போய் மல்லுக்கு நிற்பதில்லை. பாசனச் சங்கத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். அவர் அவனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கண்டிப்பார். அத்தோடு காரியம் முடிந்தது. மறுநாள் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். தொப்பியும் ஃபைலுமாக நின்ற மனிதரைப் பார்த்ததும் தாணம்மாளுக்குச் சங்கத் தலைவர்தான் ஞாபகம் வந்தார்.

"சார், எங்க கீப்பர் நல்ல பயதான். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் குதியால தரையக் கீறிப்போடுதான். நீங்க பெரியவங்க, கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிவையுங்க" என்றாள்.

கமிஷனர் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். தாணம்மாள் நிம்மதியாகக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை ஆட்டம் தொடங்குமுன் நடுவர் ஜெரிஷிடம் வந்து, தரையில் கோடு போடக் கூடாது என்று எச்சரித்தார். அவன் தலையாட்டினான். ஆனால் பதினான்கு வருஷப் பழக்கம் தலையில் இருப்பதில்லை, காலில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் வரும்போது குதிகால் தானாகக் கீறத் தொடங்கிவிட்டது. நடுவர் ஓடி வந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். பழையாறு இரண்டுக்கு ஒன்று என்று வென்றது.

மறுநாள் காலையில் தாணம்மாள் பார்த்தாள். ஒரு பக்கம் கோடே இல்லை. மறுபக்கம் பாதிக் கோடு. பெரியவர் சொன்னால் கேட்கத்தான் செய்கிறான் என்று சந்தோஷப்பட்டாள். அப்போதுதான் ஜெயசிங் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"கோப்பையில ரெண்டு மஞ்ச அட்ட வாங்குனா அடுத்த ஆட்டம் வெளிய உக்காரணும் அக்கா. அரை இறுதியும் இங்கதான், அதுல இன்னொண்ணு வாங்கினாம்னா அவனுக்கு ஃபைனல் போச்சு. வாழ்நாள்ல ஒரு ஃபைனல் ஆடாத பயலுக்கு இனி ஒண்ணு வரவா போகுது? எவனோ கமிஷனர்ட்ட போய்ச் சொல்லியிருக்கான், பாவி."

கோடு மூட எடுத்த புல் தாணம்மாளின் கையிலேயே வாடிப்போனது.

வீட்டில் சாப்பிடும்போதுதான் வைகுண்டராஜனிடம் சொன்னாள். அவர் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்க நீ."

"தரையக் கீறினா குத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? வரப்ப வெட்டினவனுக்குச் சங்கத்துல அட்டையா குடுக்கான்?" என்று அவள் சத்தம் போட்டாள். சத்தம் பாதியிலேயே இறங்கிவிட்டது. அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் பயிற்சி முடிந்து ஜெரிஷ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"நானாக்கும் சொன்னது."

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "நீங்களா?" என்று மட்டும் கேட்டான். பிறகு கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் அவன் அவள் பக்கம் வரவில்லை. அவள் ஒரு கோலில் வேலை செய்தால் அவன் எதிர்க் கோலில் பயிற்சி எடுத்தான். கோடு போடாமல் ஆடிப் பழகவேண்டும் என்று கோச் உத்தரவு. தாணம்மாள் முதன்முறையாக வேலையை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்தாள். ஜெரிஷ் முன்னால் ஓடி வருகிறான், பந்து தலைக்கு மேலே போகிறது, முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாக ஓடுகிறான். ஓடி நிற்கிற இடம் தப்பு. ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறான். பந்து மறுபக்கம் உள்ளே போகிறது. ஆறு பந்தில் நாலு அப்படிப் போயிற்று. வைகாசிக் காற்று வேறு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கியிருந்தது.

அவன் பின்னால் போவதையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒன்று உறைத்தது. நடவில் அவளும் பின்னால்தான் போகிறாள். நாற்பது வருஷத்தில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கண் நாற்றில் இருக்கும், வரப்பு வந்துவிட்டதைக் குதிகால் சொல்லும். அந்த வரப்பை ஒருத்தன் இல்லாமல் ஆக்கினால் அவள் எங்கே போய் விழுவாளோ. இவ்வளவு நாளும் அவன் கீறியது அவனுடைய வரப்பு. அதைத்தான் அவள் வாரா வாரம் மூடினாள், கடைசியில் ஆள் வைத்துத் தடுத்தும்விட்டாள்.

அன்று மத்தியானம், கேலரிக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்து கோரையைத் தோண்டினாள். கிழங்கோடு, வேர் அறுபடாமல். இவ்வளவு பதமாக ஒரு கோரையை அவள் வாழ்க்கையில் எடுத்ததில்லை. கோல் முகத்தில் நாலெட்டு அளந்து, நேர் நடுவில், உள்ளங்கை அளவுக்கு அருகைப் பெயர்த்துவிட்டு அங்கே கோரையை வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். எதிர்க் கோலிலும் ஒன்று. வைக்கும்போது கை கொஞ்சம் கூசியது.

அரை இறுதிக்கு முந்தின நாள் ஜெரிஷைக் கூப்பிட்டாள். அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஒனக்கக் கோடு இருக்குத எடத்துல வந்து நில்லு மக்கா" என்றாள்.

நின்றான். பூட்ஸுக்கு அடியில் முண்டு முண்டாக ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தான். கரும்பச்சை அருகுக்கு நடுவே வெளிர்பச்சையாக ஒரு கொத்து. மூன்று வருஷமாக அவள் மைதானமெல்லாம் வேட்டையாடுவதைப் பார்த்தவன்தானே அவன்.

"இது கோரையில்லியாக்கா?"

"கோரைதான். குனிஞ்சா கண்ணுக்குத் தெரியும், மிதிச்சா காலுக்குத் தெரியும். மொளச்ச புல்லுக்கு எவன் அட்ட குடுப்பான்?"

ஜெரிஷ் அதன்மேல் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னுமாக நடந்து பார்த்தான். பிறகு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு நாளா ஒங்ககிட்ட மிண்டாம இருந்தேன்" என்றான். பேசாமல் இருந்தேன் என்பதை அவன் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அது கெடக்கட்டும். நாளைக்குக் குதியப் பத்திரமா வச்சுக்கோ" என்றாள் தாணம்மாள்.

ஆட்டத்தன்று காலையில் ஜெயசிங் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் கோல் முகத்தில் நின்றார். "அக்கா, இங்க ஒரு கோரை நிக்குது" என்றார்.

"பாத்தேன் சார்" என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

ஜெயசிங் அவளைப் பார்த்தார், கோரையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். வேறு பக்கம் நடந்தார்.

காற்று அன்று மலையைப் பெயர்ப்பதுபோல் அடித்தது. முதல் பாதியில் பழையாறு ஒரு கோல் போட்டது. தாணம்மாள் வழக்கம்போல் கார்னர் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கண் முழுக்க ஜெரிஷின் வலது குதிகாலில். ஒவ்வொரு கார்னருக்கும் அது மெல்லத் தூக்கும், அவளுக்கு உயிர் போகும், பிறகு கோரையை ஒருமுறை தடவிவிட்டு இறங்கும். எண்பத்தேழாம் நிமிஷம் எதிரணியில் ஒருத்தன் தூரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடித்தான். முன்னே வந்துவிட்ட ஜெரிஷ் திரும்பாமல் பின்னால் ஓடினான். காற்று பந்தை இழுத்தது. அவன் குதிகால் கோரையை மிதித்ததை அவள் பார்த்தாள். மிதித்த காலை ஊன்றி அவன் எகிறினான். கேலரி முழுவதும் கத்தியது. பந்தை அவன் கோல் பாருக்கு மேலே தட்டிவிட்டதை வைகுண்டராஜன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் அப்போது கோரை நசுங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். அட்டை ஒன்றும் இல்லை. ஜெரிஷ் இறுதி ஆட்டத்துக்குப் போனான்.

இறுதி ஆட்டம் கொல்கத்தாவில். வைகுண்டராஜன் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தார். தாணம்மாளும் வந்து உட்கார்ந்ததை அவர் நம்ப முடியாமல் பார்த்தார். ஆட்டம் தொடங்க இன்னும் அரை நிமிஷம். ஜெரிஷ் கோலிலிருந்து நாலெட்டு முன்னே வந்தான், வலது குதிகாலைத் தூக்கினான், ஒரு கோடு கீறினான். ஒரு முழமில்லை, ஒன்றரை முழம். நடுவர் வந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். ஜெரிஷ் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கோட்டின்மேல் போய் நின்றான்.

"போச்சா?" என்றாள் தாணம்மாள்.

"ஒண்ணும் போகல. இதுக்குப் பொறவு ஆட்டமே இல்லியே. இந்த அட்டைய வச்சு இனி என்ன செய்வான்?" என்று வைகுண்டராஜன் சிரித்தார்.

அவளுக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. விளங்கியதும், "அப்ப நல்லா ஆழமா கீறுலே மக்கா. அது நம்ம தரையில்லியே" என்றாள். சொல்லி வாய் மூடுமுன் முகம் மாறிவிட்டது. அங்கேயும் நாளைக் காலையில் கூடையோடு ஒருத்தி வருவாளே என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று அவள் தொண்ணூறு நிமிஷமும் பந்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஜெரிஷ் நாலு பந்தைப் பிடித்தான், ஒன்றை விட்டான். பழையாறு இரண்டு போட்டது. விசில் ஊதியதும் வைகுண்டராஜன் வேட்டி அவிழ்வது தெரியாமல் எழுந்து நின்று கத்தினார். கிளப்பின் இரண்டாவது கோப்பை, ஒரே சீசனில். பதக்கம் போட்டார்கள், கோப்பையைத் தூக்கினார்கள், எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். ஒருத்தன் மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து கோலைப் பார்த்து நடந்தான். கோலுக்கு முன்னால் போய் முழங்காலில் நின்று குனிந்தான். கேமரா அவன் பக்கம் போனது. கோல் கீப்பர் பிரார்த்தனை செய்கிறார் என்று வர்ணனையாளர் உருக்கமாகச் சொன்னார்.

"பாத்தியா, கர்த்தருக்கு நன்றி சொல்லுதான்" என்றார் வைகுண்டராஜன்.

தாணம்மாள் எழுந்து டி.வி.க்குக் கிட்டே போனாள். இரண்டு தடவை அறுத்துத் தைத்த அந்த வலது முழங்காலும் தரையில் இருந்தது. கழுத்துப் பதக்கம் தொங்கிப் புல்லில் உரசியது. வலது கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மூன்று விரலால் பிடித்து, பெருவிரலால் ஒரு அழுத்து. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு அழுத்து.

"ஜெபம் இல்ல" என்றாள். "கீறினத மூடுதான்."

முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை படம் பிடிக்க யாரும் இல்லை.